பிரெஞ்சு பி2: மூன்று மதிப்பெண்ணில் போன ஒரு வருடம்

முதல் தடவை எனக்குக் கிடைத்தது நூற்றுக்கு 47. டெல்ஃப் என்பது பிரெஞ்சு மொழித் தேர்வு; ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும் நிலைகளில் நான் எழுதிய பி2-இல் தேர்ச்சிக்கு 50 வேண்டும். கேட்டல் 9, வாசிப்பு 16, எழுத்து 10, பேச்சு 12. மூன்றே மூன்று மதிப்பெண். கடை வேலை முடிந்து ரயிலில் நின்றபடி கைபேசியில் பார்த்தேன், இறங்கவேண்டிய நிலையம் போனதே தெரியவில்லை. அழுகையைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. எட்டு மாதம், நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் படித்திருந்தேன். மாலை வகுப்புக்கு 780 யூரோ, தேர்வுக்கு 220 யூரோ, ஒரு செயலியின் ஆண்டுச் சந்தா 84 யூரோ, சம்பளமில்லா விடுப்பு ஒரு நாள். எல்லாம் போனது. இரண்டாம் தடவை 195 யூரோ கட்டி எழுதி 64 எடுத்தேன். நடுவில் இருந்த ஆறு மாதத்தில் கூடுதலாகப் படித்தேன் என்று சொல்ல முடியாது. வேறு மாதிரிப் படித்தேன். அந்த வேறு மாதிரி என்ன என்பதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் ஒரு வருடமும் ஆயிரம் யூரோவும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

பி2 எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 2024 ஜனவரி 26-ஆம் தேதி வந்த சட்டத்தின்படி, 2026 ஜனவரி 1 முதல் பிரான்ஸில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க எழுத்திலும் பேச்சிலும் பி2 வேண்டும். அதற்கு முன் பி1 போதுமாயிருந்தது. பத்தாண்டு வசிப்புரிமைக் கார்டை (ரெசிடென்ட் கார்டு) முதல்முறை வாங்க இப்போது பி1, பல்லாண்டு வசிப்புரிமைக் கார்டுக்கு ஏ2. குடிமைத் தேர்வு தனி. பி1 கையில் இருக்கும்போதே விண்ணப்பித்திருக்க வேண்டியவன் நான். பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு, வரிக் காகிதம் என்று தள்ளிப்போட்டேன். பி1-க்கும் பி2-க்கும் நடுவில் ஒரு படிதானே என்ற எண்ணமும் இருந்தது. அது ஒரு படி இல்லை. பி1 என்பது நம் காரியத்தை நாமே பார்த்துக்கொள்ளும் பிரெஞ்சு: மருத்துவரிடம் சொல்வது, வீட்டு உரிமையாளருக்குக் கடிதம் எழுதுவது, விடுமுறையைப் பற்றிப் பேசுவது. பி2-இல் நம் காரியமே கிடையாது. ஊரில் நடக்கும் ஒரு விவாதத்தில் ஒரு பக்கம் நின்று, காரணம் சொல்லி, எதிராளி கேட்கும் கேள்விக்கு உடனே பதில் சொல்ல வேண்டும். பி1 வரை வந்த அதே வழியில் இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் பி2 வந்துவிடும் என்று நினைத்ததுதான் என் முதல் தவறு.

எந்தத் தேர்வு என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். டிசிஎஃப், டெஃப் என்று வேறு இரண்டு பிரெஞ்சுத் தேர்வுகள் உண்டு, அவை உங்கள் நிலையை அளந்து சொல்பவை. அவற்றில் தோல்வி என்பதே இல்லை, ஆனால் முடிவு இரண்டு ஆண்டுதான் செல்லும். டெல்ஃப் ஆயுள் முழுக்கச் செல்லும் சான்றிதழ், ஆனால் தேர்ச்சி அல்லது தோல்வி, இரண்டில் ஒன்றுதான். நான்கு பகுதிக்கும் 25 வீதம் மொத்தம் 100. மொத்தத்தில் 50 வேண்டும், எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. தோற்றால் நன்றாகச் செய்த பகுதியின் மதிப்பெண்ணை அடுத்த தடவைக்கு எடுத்துவைக்க முடியாது, நான்கையும் புதிதாக எழுத வேண்டும். வாசிப்பில் 16 எடுத்த எனக்கு இது தெரிந்தபோது வயிறு எரிந்தது.

பணத்தைப் பற்றி ஒன்று. சம்பளத்துக்கு வேலை செய்பவராக இருந்தால் உங்கள் பெயரில் சிபிஎஃப் என்ற பயிற்சிக் கணக்கு இருக்கும். குறைந்தது பாதி நேர வேலையில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 500 யூரோ வீதம், 5,000 யூரோ வரை அதில் சேரும். பிரெஞ்சு வகுப்புக்கும் தேர்வுக்கும் அதைச் செலவிடலாம், கையிலிருந்து ஒரு சிறு தொகை மட்டும் கட்டவேண்டியிருக்கும். நான் 780 யூரோவைச் சொந்தப் பணத்தில் கட்டிய பிறகுதான் என் கணக்கில் அதைவிட அதிகம் கிடந்தது தெரிந்தது. அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். அந்தக் கணக்கைப் பற்றிப் பேச யாராவது உங்களைத் தொலைபேசியில் அழைத்தால் வைத்துவிடுங்கள். அப்படி ஆள் பிடிப்பதை 2022 டிசம்பரில் வந்த சட்டமே தடை செய்திருக்கிறது. பாரிஸில் இருப்பவர்களுக்கு நகராட்சி நடத்தும் மலிவான வகுப்புகள் உண்டு, நகராட்சி நூலகங்களில் இலவச உரையாடல் வட்டங்களும் உண்டு. என் 780 யூரோ வகுப்பில் பன்னிரண்டு பேர். ஒரு மாலையில் நான் வாய் திறந்து பேசியது நான்கு நிமிடம்கூட இருக்காது. நூலக வட்டத்தில் அதைவிட அதிகம் பேசினேன்.

வகுப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் படித்த விதம்தான் தப்பு. பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்து மனப்பாடம் செய்தவன் நான். அந்தப் பழக்கம் அப்படியே தங்கிவிட்டது. கோடிட்ட இடத்தை நிரப்பும் இலக்கணப் பயிற்சிகளை நோட்டு நோட்டாகப் போட்டேன். செயலியில் இருநூறு நாள் ஒரு நாள்கூட விடாமல் பயிற்சி செய்திருந்தேன். வேலையோ பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷாப்பெல்லில் ஒரு மளிகைக் கடையில், காலை முதல் இரவு வரை தமிழ். வருகிற பிரெஞ்சுக்காரர்களிடம் பேசவேண்டியது நாற்பது வாக்கியம், எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவை. அங்கே பத்து வருடம் நின்றாலும் பி1 பி1-ஆகவேதான் இருக்கும்.

கேட்டலில்தான் அதிகம் அடி வாங்கினேன், அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன். இந்தப் பகுதி ஏறக்குறைய 30 நிமிடம். சில பதிவுகளை இரண்டு தடவை போடுவார்கள், சிலவற்றை ஒரே தடவை. வானொலிப் பேட்டி, சொற்பொழிவு மாதிரியான பதிவுகள். எனக்குச் சொல்வளம் போதவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். தோற்ற பிறகு ஒரு சோதனை செய்தேன். ஆர்எஃப்ஐ வானொலி, மொழி கற்பவர்களுக்காகத் தினமும் பத்து நிமிடச் செய்தி ஒன்றை எழுத்து வடிவத்தோடு தருகிறது. அதில் இரண்டு நிமிடத்தை எடுத்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதினேன். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டேன். 31 சொற்கள் தவறியிருந்தன. அவற்றில் 24 எனக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள்! தாளில் பார்த்தால் தெரியும், காதில் விழும்போது தெரியாது. எட்டு மாதம் நான் சொற்பட்டியல் மனப்பாடம் செய்ததற்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது.

ஏன் காதில் விழவில்லை? பேசும்போது பிரெஞ்சு சுருங்கிவிடுகிறது. ‘எனக்குத் தெரியாது’ என்பதைப் பாடப்புத்தகம் ‘ஜெ ந ஸே பா’ என்று நான்கு சொல்லாகச் சொல்லும், தெருவில் அது ‘ஷே பா’. ‘இருக்கிறது’ என்னும் ‘இல் யா’ வெறும் ‘யா’ ஆகிவிடும். ‘ஏனென்றால்’ என்னும் ‘பார்ஸ்க’ ‘பாஸ்க’ ஆகும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதிவிட்டு ‘வந்துட்ருக்கேன்’ என்று பேசுகிற நமக்கு இது பழகிய சங்கதிதான். சுருங்கிய வடிவத்தைத் தனிச் சொல்லாகவே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். இங்கே நான் தமிழில் எழுதுவது உங்களுக்குப் படிக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான். கேக்கும் பரிசும் பிரெஞ்சில் வேறு வேறு சொற்கள், தமிழில் எழுதினால் ‘கத்தோ’, ‘கதோ’ என்று கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். முதல் எழுத்து ஒன்றில் ‘கங்கை’யின் முதல் ஒலி, மற்றதில் ‘கண்’ணின் முதல் ஒலி. நம் எழுத்து அதைப் பிரித்துக் காட்டாது. மீனும் விஷமும் அப்படித்தான், நடுவிலுள்ள ஒலி ஒன்றில் ‘ஸ’, மற்றதில் வண்டு ரீங்கரிக்கும் ஒலி.

ஒரு ஒலிக்காக மட்டும் மூன்று வாரம் செலவிட்டேன், அது வீண் போகவில்லை. ‘மேலே’ என்பதற்கும் ‘கீழே’ என்பதற்கும் உள்ள பிரெஞ்சுச் சொற்கள் நம் காதுக்கு ‘தெஸ்ஸூ’, ‘தெஸ்ஸூ’ என்று ஒரே மாதிரிதான் கேட்கும். ஒன்றில் கடைசி ஒலி நம் ‘ஊ’. மற்றது தமிழில் இல்லாத ஒலி: உதட்டை ‘ஊ’ சொல்லக் குவித்துவைத்துக்கொண்டு, அந்தக் குவிப்பு கலையாமல் ‘ஈ’ சொல்ல வேண்டும். அதுதான் ‘மேலே’. வீட்டில் தண்ணீர் ஒழுகியபோது காப்பீட்டுக்காரர் தொலைபேசியில் கேட்டது, தண்ணீர் மேல்வீட்டிலிருந்து வருகிறதா, கீழ்வீட்டுக்குப் போகிறதா என்று. நான் மாற்றிச் சொல்லிவிட்டேன். படிவம் திருத்த இரண்டு வாரம் ஆனது. கண்ணாடி முன் நின்று, உதடு விரியாமல் ‘ஈ’ சொல்லிப் பழகுங்கள். சொல்ல வந்த பிறகுதான் காது அதைப் பிரிக்கும்.

‘ப்ளு’ என்ற சொல்லிலும் இதே கவனம் வேண்டும். ‘ஜான் வெ ப்ளுஸ்’ என்று கடைசி ‘ஸ்’ கேட்டால் ‘இன்னும் வேண்டும்’. ‘ஜான் வெ ப்ளு’ என்று ‘ஸ்’ விழாவிட்டால் ‘இனி வேண்டாம்’. எதிர்மறைச் சொல்லைப் பேச்சில் விழுங்கிவிடுவதால் அந்த ஒரு ‘ஸ்’தான் வாக்கியத்தையே தாங்குகிறது. தேர்வுப் பதிவில் இப்படி ஒன்று வந்தால் விடை நேர் எதிராகிவிடும்.

மூக்கொலிகள் நமக்குக் கஷ்டம் என்று வகுப்பில் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நாம் பேசும் தமிழில் அவை இருக்கின்றன. ‘மரம்’ என்பதைப் பேச்சில் முடிக்கும்போது உதடு மூடுவதில்லை, ‘ஓ’ மூக்கில் போய் முடிகிறது, அதுதான் ‘நல்ல’ என்னும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலி. ‘வந்தான்’ என்பதன் கடைசி ஒலி காற்றைக் குறிக்கும் சொல்லில் இருக்கிறது. ‘வந்தேன்’ என்பதன் கடைசி ஒலி திராட்சை மதுவுக்கான சொல்லில் இருக்கிறது. ‘ன்’, ‘ம்’ என்று அழுத்தி மூடாமல், வீட்டில் பேசுவதுபோலச் சொன்னால் முக்கால் வாசி வந்துவிடும்.

காதுக்கு நான் கண்ட ஒரே வழி அந்த இரண்டு நிமிடப் பயிற்சிதான், வாரத்துக்கு நான்கு நாள். எழுது, ஒப்பிடு, தவறிய ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் காரணம் குறி: தெரியாத சொல்லா, சுருங்கியதா, பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொண்டதா, எண்ணா, பெயரா. பிறகு பேச்சாளரோடு சேர்ந்தே நான்கு தடவை வாய்விட்டுச் சொல். முதல் இரண்டு மாதம் ஆர்எஃப்ஐ. அது நிதானமாகப் பேசுவது, அதோடு நின்றுவிட்டால் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள். மூன்றாம் மாதம் முதல் பிரான்ஸ் இன்டெர் வானொலியின் காலைப் பேட்டிகள். இரண்டு பேர் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடுவதைக் கேட்டுப் பழகவேண்டும். வேலை செய்துகொண்டே பின்னணியில் வானொலி ஓடவிட்டால் காது தானாகத் திறக்கும் என்பார்கள். எட்டு மாதம் ஓடவிட்டேன், திறக்கவில்லை.

அடுத்தது இலக்கணம். ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சைப் புரிந்துகொள்ளும் பழக்கம் ஏ2 வரை உதவுகிறது, பி2-இல் அதுவே காலை வாருகிறது. தேர்வு எழுதுவதைச் சொல்லும் ‘பாஸே’ என்ற வினையை ஆங்கிலக் காதோடு கேட்டால் தேர்ச்சி என்று தோன்றும். தேர்ச்சிக்கு ‘ரெயுஸீர்’. ‘அக்துயெல்மான்’ என்றால் ‘தற்போது’ என்று பொருள், ‘உண்மையில்’ என்று இல்லை. ‘எவாந்துயெல்மான்’ என்றால் ‘தேவைப்பட்டால், ஒருவேளை’. ‘தெஃபினிதீவ்மான்’ என்றால் ‘நிரந்தரமாக’. இந்த நான்கையும் முதல் தேர்வில் எழுதினேன், நான்கும் தப்பு.

தமிழிலிருந்து நேராகப் போனால் சில இடங்களில் பாதை சுருக்கம். கடையில் ஒருவர் குறைவாகப் பணம் தந்தால் ‘எனக்கு அஞ்சு யூரோ குறையுது’ என்போம். பிரெஞ்சுக்காரர் ‘இல் ம மாங்க் ஸேங்க் யூரோ’ என்பார். ‘எனக்கு’, ‘குறைகிறது’, ‘ஐந்து யூரோ’, அச்சாக அதே கட்டு. ‘எனக்குப் பிடிச்சிருக்கு’ என்பது ‘ஸா ம ப்லே’. பிடித்தவன் எழுவாய் ஆகாமல், பிடித்த பொருள் எழுவாய் ஆகிறது. ‘நீ இல்லாமல் ஏங்குகிறேன்’ என்னும் ‘த்யு ம மாங்க்’ என்பதில் ‘நீ’தான் எழுவாய், நீ எனக்குக் குறைகிறாய். ஆங்கிலம் வழியாக வந்தவர்கள் இதைத் தலைகீழாகத்தான் சொல்வார்கள்.

செய்தி கேட்கும்போது தமிழ் இன்னும் பெரிய உதவி. ‘லெ மினிஸ்த்ர் அ தெமிஸியோனே’ என்றால் அமைச்சர் பதவி விலகிவிட்டார். ‘லெ மினிஸ்த்ர் ஓரே தெமிஸியோனே’ என்றால்? பாடப்புத்தகம் ‘விலகியிருப்பார்’ என்ற நிபந்தனை வடிவம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும். செய்தியில் அதன் பொருள் ‘விலகிவிட்டாராம்’. யாரோ சொல்கிறார்கள், நான் உறுதி சொல்லவில்லை என்று செய்தியாளர் ஒதுங்கிக்கொள்கிறார். நம் ‘ஆம்’ செய்கிற வேலையை அந்த ஒரு வினை வடிவம் செய்கிறது. தேர்வில் ‘அது உறுதியானதா, வதந்தியா’ என்று பிரிக்கச் சொல்லும் கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கும். வானொலியில் ‘ஓரே’, ‘ஸெரே’ என்று காதில் விழும்போதெல்லாம் மனதுக்குள் ‘ஆம்’ சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ் நம்மைக் கைவிடும் இடம் பெயரெச்சம். ‘நான் பேசிய பிரச்சினை’, ‘நான் யோசித்த பிரச்சினை’, ‘நான் நம்பியிருந்த ஆள்’ என்று நாம் எல்லாவற்றுக்கும் ஒரே அச்சைப் போடுகிறோம். எதைப் பற்றிப் பேசினேன், எதை யோசித்தேன் என்ற வேற்றுமை உருபு உள்ளே மறைந்துவிடுகிறது. பிரெஞ்சு அதை மறைக்க விடாது. நான் எழுதியது ‘லெ ப்ரொப்ளெம் கெ ஜே பார்லே’. எழுதவேண்டியது ‘லெ ப்ரொப்ளெம் தோன் ஜே பார்லே’. ‘பற்றிப் பேசு’ என்னும் வினை ‘த’ என்ற முன்னிடைச்சொல்லைக் கேட்கும், அதனால் ‘தோன்’. ‘யோசி’ என்பது ‘ஆ’ கேட்கும், அதனால் ‘ஓகெல்’. ‘நம்பியிரு’ என்பது ‘ஸ்யுர்’ கேட்கும், அதனால் ‘ஸ்யுர் லெகெல்’. ஆக, பிரச்சினை ‘தோன்’ விதியில் இல்லை, எந்த வினை எந்த இடைச்சொல்லைக் கேட்கும் என்று தெரியாததில் இருக்கிறது. வினையைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். இடைச்சொல்லோடும் ஒரு பெயரோடும் சேர்த்து, முழுத் தொடராக எழுதிவையுங்கள். நான் எண்பது வினைகளை அப்படி எழுதினேன். அதன் பிறகு ‘தோன்’ பயிற்சி ஒன்றுகூடப் போடவில்லை, தேவைப்படவில்லை.

சப்ஜங்க்டிவ் என்ற வினை வடிவத்தைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். ‘பியென் கெ’ (இருந்தாலும்), ‘பூர் கெ’ (அதற்காக), ‘அவான் கெ’ (அதற்கு முன்), ‘இல் ஃபோ கெ’ (வேண்டும்) ஆகிய நான்குக்குப் பின் தவறாமல் வந்தால் தேர்வுக்குப் பெரும்பாலும் போதும். ‘நம்புகிறேன்’ என்னும் ‘எஸ்பேரே’க்குப் பின் அது வராது என்பதை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பொருள்களின் பாலுக்கு ஈற்றைப் பாருங்கள்: ‘ஸியோன்’ என்று முடியும் பெயர்கள் பெண்பால், ‘மான்’, ‘இஸ்ம்’ என்று முடிபவை ஏறக்குறைய எல்லாம் ஆண்பால். ‘ஆஜ்’ என்று முடிபவை பெரும்பாலும் ஆண்பால், ஆனால் பக்கம், கடற்கரை, படம், கூண்டு முதலியவற்றுக்கு உள்ள சொற்கள் பெண்பால்.

எழுத்துத் தேர்வு ஒரு மணி நேரம், குறைந்தது 250 சொல். இரண்டு வெள்ளை இடங்களுக்கு நடுவில் இருப்பது ஒரு சொல் என்பதுதான் எண்ணும் முறை. கோடு போட்டு எழுதும் ‘ஸெதாதீர்’ ஒரே சொல், மேற்குறியால் ஒட்டியவையும் ஒரு சொல். இது தெரியாமல் நான் 250 என்று எண்ணியது அவர்கள் கணக்கில் 230-க்குக் கீழே போயிருக்கும். வீட்டில் பழகும்போதே ஒரு வரியில் சராசரியாக எத்தனை சொல் எழுதுகிறீர்கள் என்று பார்த்துவைத்தால், தேர்வில் வரியை எண்ணினால் போதும். 270-ஐக் குறிவையுங்கள்.

மொழிப் பிழையைவிட எனக்கு மதிப்பெண் போனது வாதத்தில். நாம் பட்டிமன்றம் பார்த்து வளர்ந்தவர்கள். நம் அணிக்காக முழு மூச்சோடு பேசுவோம், எதிர் அணியில் ஒரு நியாயமும் இல்லை என்று நிறுவுவோம். முதல் தேர்வில், ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கலாமா என்ற கேள்விக்கு அப்படித்தான் எழுதினேன். திறக்கவேண்டும், திறக்கவேண்டும், திறக்கவேண்டும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவருக்கு அது வாதமாகவே தெரியாது. எதிர்த் தரப்பை நேர்மையாக எடுத்துச் சொல்லி, அதில் உள்ள உண்மையை ஒப்புக்கொண்டு, அதன் பிறகு ஏன் உங்கள் கருத்து நிற்கிறது என்று காட்டவேண்டும். நம் பழைய உரையாசிரியர்கள் ‘என்பாரும் உளர்’ என்று மாற்றுக் கருத்தை வைத்துவிட்டு மறுப்பார்களே, அந்த முறைதான். அதற்கான சொல் ‘ஸெர்த்’, அதாவது ‘உண்மைதான்’. அதைத் தொடர்ந்து ‘ஆனால்’ என்னும் ‘மே’ அல்லது ‘ஸெபாந்தான்’ வரவேண்டும். ‘ஞாயிறு குடும்பத்துக்கான நாள் என்பது உண்மைதான்; ஆனால் அன்று வேலை செய்ய விரும்பும் மாணவர்களுக்கு அந்தக் கூலிதான் வாடகை.’ இப்படி ஒரு வாக்கியத்தைப் பிரெஞ்சில் தடுமாறாமல் எழுத வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தாயிற்று.

இணைப்புச் சொற்களை அள்ளித் தெளிப்பதும் தப்பு. ‘ஆன் எஃபே’ என்றால் ‘ஆம், ஏனென்றால்’, முன்பு சொன்னதை உறுதி செய்வது. ‘ஆன் ஃபெத்’ என்றால் ‘உண்மையில் அப்படி இல்லை’, முன்பு சொன்னதைத் திருத்துவது. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் உங்கள் வாதம் உங்களையே வெட்டும். ‘ஓர்’ என்பதை ‘அல்லது’ என்று நினைக்காதீர்கள், ‘இப்படியிருக்க, நடப்பதோ வேறு’ என்று வாதத்தைத் திருப்பும் சொல் அது. பத்துப் பன்னிரண்டு இணைப்புச் சொற்கள் போதும், ஒவ்வொன்றையும் ஐந்து வாக்கியத்தில் சரியாக வைத்துப் பழகியிருக்க வேண்டும். நேரத்தை இப்படிப் பிரித்தேன்: பத்து நிமிடம் குறிப்பு, நாற்பது நிமிடம் எழுத்து, பத்து நிமிடம் திருத்தம். திருத்தும்போது எல்லாவற்றையும் ஒரே பார்வையில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. முதல் தடவை வினையும் எழுவாயும் பொருந்துகிறதா என்று மட்டும், அடுத்த தடவை பெயரடையின் பால் மட்டும், மூன்றாம் தடவை சொல் எண்ணிக்கை. முறையான கடிதம் வந்தால் முகப்பும் முடிவு வாக்கியமும் மனப்பாடமாக இருக்கட்டும், இந்த ஒரு இடத்தில் மனப்பாடம் உதவும். ‘நீ’, ‘நீங்கள்’ வேறுபாடு நமக்குச் சொல்லித் தரவேண்டாம்.

வாரம் ஒன்று எழுதி, யாரிடமாவது திருத்தி வாங்குங்கள். என்னைப் பொறுத்தவரை செலவுக்கு உரிய இடம் இது ஒன்றுதான். திருத்தி வந்ததை நானே மறுபடி முழுதாக எழுதினேன், பிழைகளை ஒரு தனி நோட்டில் ஏற்றினேன். பத்துக் கட்டுரைக்குப் பிறகு பார்த்தால் என் பிழைகள் ஆறே வகை. அந்த ஆறைத்தான் தேர்வில் தேடித் திருத்தினேன்.

வாசிப்புப் பகுதி ஒரு மணி நேரம். செய்தியை விட்டுவிட்டுக் கருத்துக் கட்டுரைகளைப் படியுங்கள், எழுதியவர் ஆதரிக்கிறாரா, சந்தேகிக்கிறாரா, வருந்துகிறாரா என்று ஒரு வரியில் சொல்லிப் பழகுங்கள். அவ்வளவுதான்.

பேச்சுத் தேர்வில் இரண்டு தலைப்பு எடுக்கச் சொல்வார்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். சின்னப் பத்திரிகைச் செய்தி ஒன்று, 30 நிமிடத் தயாரிப்பு, பிறகு ஏறக்குறைய 20 நிமிடம். முதல் ஐந்து ஏழு நிமிடம் நீங்கள் மட்டும், மீதி அவர்களோடு விவாதம். முதல் தடவை முப்பது நிமிடமும் முழு வாக்கியங்களாக எழுதி, அதைப் பார்த்துப் படித்தேன். தலை நிமிரவே இல்லை. இரண்டாம் தடவை தாளில் இருந்தது இவ்வளவுதான்: மேலே ஒரு கேள்வி, கீழே இரண்டு காரணம், ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம், ஒரு ‘ஸெர்த்’, கடைசியில் ஒரு முடிவு வாக்கியம். உதாரணம் கடையிலிருந்தே எடுத்தேன். செய்தியைச் சுருக்கிச் சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள், அதிலிருந்து எழும் பிரச்சினையை ஒரு கேள்வியாக வைத்துவிட்டு உங்கள் நிலைக்கு வந்துவிடுங்கள். விவாதத்தில் தேர்வாளர் வெடுக்கென்று எதிர்த்துப் பேசுவார். முதல் தடவை கோபித்துக்கொண்டார் என்று நினைத்து, ‘நீங்கள் சொல்வது சரி’ என்று நான் என் கட்சியை விட்டே இறங்கிவிட்டேன். வயதில் மூத்தவர், எதிர்த்துப் பேசக்கூடாது என்று நமக்குள் ஊறிய பழக்கம் அது. அங்கே அவர் எதிர்ப்பது நீங்கள் பதில் சொல்லத்தான். மரியாதையாக, ‘உங்கள் கருத்து புரிகிறது, ஆனாலும்’ என்று உங்கள் இடத்திலேயே நில்லுங்கள். கேள்வி புரியாவிட்டால் ‘சரியாகப் புரிந்துகொண்டேன் என்றால், நீங்கள் கேட்பது...’ என்று திருப்பிச் சொல்லுங்கள். மௌனமாக இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இரண்டாம் தடவை என் கணக்கு: வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு ஒன்றேகால் மணி நேரம். நான்கு நாள் கேட்டல், ஒரு நாள் எழுத்து, ஒரு நாள் நூலக வட்டம். கடைசி மூன்று ஞாயிறு, முழு மாதிரித் தேர்வு, கைக்கடிகாரம் வைத்து. கேட்டல் 14.5, வாசிப்பு 18, எழுத்து 15, பேச்சு 16.5.

பெயரைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது, நம் ஆட்களுக்கு மட்டும் வரும் தொல்லை. பதிவுப் படிவத்தில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்கோ அப்பா பெயர், இனிஷியல், சில பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டமே காலி. வசிப்புரிமைக் கார்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அதையே நிரப்புங்கள், வீட்டில் கூப்பிடுவதையோ பழைய பள்ளிச் சான்றிதழையோ பார்த்து நிரப்பாதீர்கள். தேர்வு அழைப்புக் கடிதம் வந்ததும் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் மூன்றையும் கார்டோடு ஒப்பிட்டு, தப்பு இருந்தால் அன்றே மையத்துக்கு எழுதுங்கள். என் சான்றிதழில் அப்பா பெயரும் என் பெயரும் இடம் மாறி அச்சாகி வந்தது. கடிதம், கார்டு நகல், மறுபடி கடிதம் என்று திருத்தி வாங்க இரண்டு மாதம் பிடித்தது. அதுவரை குடியுரிமைக் கோப்பு அலமாரியிலேயே கிடந்தது.